விலைகூடின துவக்கும் விழாத மானும்

ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டு என் மனைவி யோகம் கேட்டாள்:

"இஞ்சருங்கோ, இது உடையாதே?"

"உடையாது. ஏறும்."

"எல்லாத்துக்கும் பயப்பிடுற மனுசன் நீங்கள். இதுக்கு மட்டும் எப்பிடி இவ்வளவு துணிவாச் சொல்லுறியள்?"

துணிவு எங்கே இருந்தது? முதல் நாள் பின்னேரமே தனியாக வந்து, அந்த ஏணியின் ஒவ்வொரு படியையும் கையால் ஆட்டிப் பார்த்து, கொஞ்சம் முனகிய ஒன்பதாவது படியில் மட்டும் மூன்று தரம் ஏறி இறங்கிவிட்டுப் போயிருந்தேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

விடியப் போகிற நேரம். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டிலிருந்து முக்கால் மணித்தியாலக் கார் ஓட்டம். ஒரு புல்வெளி, அதை மூன்று பக்கமும் அணைத்தபடி காடு, ஓரத்தில் பலகையால் அடித்த ஒரு பரண். வேட்டைக்காரர் ஏறிக் காத்திருக்கிற பரண். நெருங்கி இருந்தால் இரண்டு பேர் இருக்கலாம். புல்லெல்லாம் பனி. பலகையில் ஈர மர மணம்.

மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பழைய சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு யோகம் மேலே ஏறி வந்தாள். மானின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது என்று நான் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். என்றாலும் அந்த ஜாக்கெட்டை எதனால் மூடலாம் என்று பைக்குள் தேடினேன்.

மான் காட்டுகிறேன் வாரும் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அது பாதி உண்மை. மிச்சப் பாதி, எனக்கு ஒன்று கேட்க இருந்தது. இனிமேல் லண்டனுக்குப் போகாதையும் என்று சொல்ல இருந்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விமானம். அன்று சனிக்கிழமை.

வீட்டில் அதைக் கேட்க வழியில்லை. அவளுடைய தொலைபேசி ரைஸ் குக்கரில் சாய்ந்தபடி காலையிலிருந்து எரிந்துகொண்டே இருக்கும். அதற்குள்ளே லண்டனில் என் மகள் தர்சினியின் குசினி. பேரன் அங்கே ஒரு வாய் சோறு விழுங்கினால் இங்கே எங்கள் வீட்டில் கைதட்டல். நான் வாயைத் திறந்தால், "அப்பா என்னவாம்?" என்று குக்கர் பக்கமிருந்து கேட்கும். "ஒண்டுமில்லை பிள்ளை, உப்பு எங்க எண்டு கேட்டனான்" என்பேன்.

அந்தப் புல்வெளியில் தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. மானை விட எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

எசனிலிருந்து ஒரு கேள்வி

இந்த இடத்தில் கார்த்திக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

நான் வேட்டை அனுமதிப் பரீட்சை எழுதிய கதையை நான் எழுதிவருகிற இந்தத் தொடரில் படித்துவிட்டு எசன் நகரத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். கோயம்புத்தூர் பக்கம். கணினிக் கம்பனியில் வேலை. அவரும் வேட்டை வகுப்பில் சேர்ந்திருக்கிறாராம்.

"அண்ணா, கோர்ஸ் பாதி முடிஞ்சிடுச்சு. கியர் வாங்கணும். பட்ஜெட்லயே போலாமா, இல்ல நேரா டாப் பிராண்டே எடுத்துடலாமா? சக்ஸஸ் ரேட்ல டிஃபரன்ஸ் இருக்கா?"

"சக்ஸஸ் ரேட் எண்டா?"

"பத்து தடவை போனா எத்தனை தடவை மான் கிடைக்கும்? அந்த மாதிரி."

"தம்பி, நான் ஒரு முழு வருசம் போய் ஒவ்வொரு தரமும் வெறுங்கையோட வந்தனான். எல்லாம் விலைகூடின சாமான்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ பட்ஜெட்தான் பெட்டரா அண்ணா?"

"அதுவும் இல்லை."

"கொஞ்சம் கன்ஃபியூஸ் பண்றீங்களே அண்ணா."

பாவம், அவருக்கு ஒரு வரியில் பதில் வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன். அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

டெட்லெஃப் கூப்பிட்ட நாள்

நான் வேலை செய்வது தளபாடத் தொழிற்சாலையில். அலுமாரிப் பலகைகளின் விளிம்பில் நாடா ஒட்டுகிற மெசின். டெட்லெஃப் அங்கே பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவன். என் வயதுதான். மீசை மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது.

அவனும் அவன் மைத்துனனும் சேர்ந்து ஒரு துண்டுக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். இலை கொட்டுகிற ஒரு காலத்தில், இடைவேளையில் வந்து கேட்டான்:

"சிவா, சனிக்கிழமை உனக்கு என்ன வேலை? பன்றி கலைக்க ஆள் காணாது. கத்தத் தெரியுமோ?"

"மெதுவாத்தான் தெரியும்."

"காணும். மிச்சத்தை நாய் பார்த்துக்கொள்ளும்."

செம்மஞ்சள் அங்கியை மாட்டி, கையில் ஒரு தடியைத் தந்து, பத்துப் பேரோடு வரிசையாக முட்பற்றைக்குள் இறக்கிவிட்டார்கள். ஹோப், ஹோப் என்று கத்திக்கொண்டு நடந்தோம். எனக்கு முன்னால் ஒரு பற்றை குலுங்கி, கறுப்பாக ஒரு முதுகு ஓடியது. அவ்வளவுதான் நான் கண்டது. மத்தியானம் பட்டாணிச் சூப் தந்தார்கள். மரக்கட்டையில் இருந்து அதைக் குடிக்கும்போதுதான் ஒரு விசயம் புத்தியில் பட்டது. காலையிலிருந்து அடுப்பை அணைத்தேனா என்று நான் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கடிதப் பெட்டியில் அரசாங்கக் கடிதம் கிடந்தால், அதைத் திறக்க முதல் பால் விடாத பிளேன்டீ ஒன்று குடிப்பவன். அன்றைக்கு நாலு மணித்தியாலம் மனம் சும்மா இருந்தது.

அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

வேட்டைப் பரீட்சையை இங்கே 'பச்சை அபிட்டூர்' என்று பகிடியாகச் சொல்லுவார்கள். அபிட்டூர் என்பது பள்ளிக்கூடத்தின் கடைசிப் பெரிய பரீட்சை. அந்த நாளில் எழுதாமல் விட்டதை ஐம்பத்தெட்டு வயதில் பச்சை நிறத்தில் எழுதப் போனேன். சட்டம், மிருகம், மரம், நாய்க்கு வருகிற நோய், துவக்கின் ஒவ்வொரு உறுப்பும். எல்லாம் ஜெர்மனில்.

கேள்வி அட்டைகளை யோகம்தான் பிடிப்பாள். வெங்காயம் உரித்த கையோடு ஒரு அட்டையை எடுத்து, ஜெர்மனை யாழ்ப்பாணத்து இழுவையில் வாசித்து, "பன்றிக்கு எத்தினை பல்லு?" என்பாள்.

"நாப்பத்தினாலு."

"எங்கட தர்சிக்கு முதல் பல்லு எப்ப முளைச்சது? அது தெரியுமே உங்களுக்கு?"

தெரியவில்லை. அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் குசினி மேசையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்து படித்தோம். கலியாணம் கட்டி அவ்வளவு காலத்தில் அவ்வளவு நேரம் எதிரெதிரே இருந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நான் பாஸ் பண்ணினேன். கொஞ்ச நாளில் லண்டனில் பேரன் பிறந்தான். பிள்ளை பார்க்க யோகம் போனாள்.

மூன்று மாதம் என்றுதான் போனாள். எங்கள் ஜெர்மன் பாஸ்போட்டுக்கு அங்கே ஆறு மாதம்வரை நிற்கலாம். ஆறு மாதம் நின்றாள். வந்தாள். இங்கே ஐந்து கிழமை நின்றுவிட்டுத் திரும்பப் போனாள். மகளுக்கு வேலை, மருமகனுக்கு வேலை, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டால் இருமல். பிறகு அதுவே முறையாகிவிட்டது. ஆறு மாதம் அங்கே, ஐந்து கிழமை இங்கே.

ஒரு பயத்துக்கு ஒரு சாமான்

அவள் முதல் தரம் போன பிறகுதான் நான் கடைக்குப் போகத் தொடங்கினேன்.

டோர்ட்மண்ட் போகிற வழியில் ஒரு வேட்டைச் சாமான் கடை. உள்ளே போனால் தோலும் எண்ணெயும் கலந்த மணம். அங்கே ஒரு விற்பனைக்காரர் இருந்தார். என் முகத்தைப் பார்த்தவுடனே இந்த ஆளுக்கு எதற்குப் பயம் என்று கண்டுபிடித்துவிடுவார்.

மான் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று பயந்தேன். தூரக்கண்ணாடி தந்தார். இரண்டு மாதச் சம்பளம் அது. பட்டாலும் குறி தப்பி, காயத்தோடு எங்கேயாவது போய்க் கிடந்து சாகுமோ என்று பயந்தேன். துவக்கும் அதன் மேலே பூட்டுகிற கண்ணாடியும் தந்தார். குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்குமோ என்றேன். மழையும் காற்றும் புகாத, உடம்பு மணத்தை வெளியே விடாத ஜாக்கெட் என்று ஒன்றைக் கொண்டுவந்து தோளில் போட்டார். நிலைக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு வனத்துறை அமைச்சர் மாதிரி நின்றேன்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சின்னப் போத்தலில் வெள்ளைத் தூள் விற்கிறார்கள். அமத்தினால் புகை மாதிரிப் பறக்கும். அதையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சுவாமித் தட்டைப் பார்த்தபோதுதான், ஒரு சிட்டிகை திருநீறும் இதே வேலையைச் செய்யுமே என்று தோன்றியது.

டெட்லெஃப்பின் சாமான்களைக் கேளுங்கள். தகப்பனுடைய கோட்டு, ஒரு முழங்கையில் ஓட்டை. துவக்கின் கட்டை முழுக்கக் கீறல். தூரக்கண்ணாடியின் வார் அறுந்து, சரக்குக் கட்டுகிற கயிற்றில் கழுத்தில் தொங்கும். என்னைப் பார்த்தால் அவனுக்கு ஒரே பகிடி.

"சிவா, மான் உன்னைக் கண்டா முதலில எழும்பி மரியாதை செய்யும்."

ஆனால் அவன் போனால் மான் கொண்டுவருவான். ரே என்று இங்கே சொல்லுகிற சின்ன மான். நல்ல ஆட்டுக் கிடாய் அளவு வரும். முதல் தரம் அவன் ஒன்றைச் சுட்ட இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். தொப்பியைக் கழற்றினான். பக்கத்து ஓக் மரத்தில் ஒரு சின்னக் கொப்பை முறித்து, செத்துக் கிடந்த மானின் வாய்க்குள் வைத்தான். கடைசி வாய் உணவு என்றான். அது இவர்களுடைய வழக்கம். நாங்கள் வாய்க்கரிசி போடுகிற அதே கை. அதை அவனுக்கு விளங்கப்படுத்த என் ஜெர்மன் போதவில்லை. நானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

கார்த்திக் தம்பி, விலைகூடின சாமான் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் டெட்லெஃப் அந்தக் கயிறு கட்டின கண்ணாடியால் ஒரு அடிமரத்தைப் பன்றி என்று அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் மங்கல் வெளிச்சத்தில், "அந்தா, கிடாய், சுடு" என்று என் காதுக்குள் சொன்னான். என் கண்ணாடியில் கொம்பு தெரியவில்லை. பொறுத்துப் பார்த்தேன். காதைத்தான் அவன் கொம்பு என்று எண்ணிவிட்டான். அது பெட்டை மான். அதன் பின்னால் புல்லுக்குள் ஒரு குட்டி எழுந்து நின்றது. அன்றைக்கு அந்தக் கண்ணாடி வாங்கியது சரி என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். டெட்லெஃப் அன்று வீடு போகும்வரை ஒரு பகிடியும் விடவில்லை.

நல்ல கண்ணாடி பிழை விடாமல் காக்கும். நல்ல சப்பாத்து கால் விறைக்காமல் காக்கும். ஆனால் மான் உங்களிடம் வரவேண்டும் என்பதற்கு அந்தக் கடையில் ஒன்றுமில்லை. சுடக்கூடிய ஒன்றும் எனக்கு வரவேயில்லை.

தூள் மணம்

ஏன் வரவில்லை என்பது எனக்குக் கனகாலமாகத் தெரிந்திருந்தது. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் லண்டனுக்குப் போக முதல் யோகம் எனக்கு ஆறு மாதத்துக்குக் கறித்தூள் வறுத்து வைத்துவிட்டுப் போவாள். மேலே வறுத்தால் அயல் வீட்டுக்காரர் தும்முவார்கள் என்று நிலக்கீழ் அறையில் மின்சார அடுப்பை வைத்து வறுப்பாள். மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கடைசியில் கருவேப்பிலை. அந்த அறையில்தான் என் துவக்கு அலுமாரி. அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில்தான் என் ஜாக்கெட்.

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விசயம் இது. பிள்ளைகளின் பள்ளிக்கூட ஜாக்கெட்டைக் குசினிக் கதவுக்குக் கிட்டவும் கொண்டுவர விடமாட்டோம். தர்சினி படிக்கிற காலத்தில் அவளுடைய உடுப்பெல்லாம் பொலித்தீன் பைக்குள் போட்டுத்தான் அலுமாரியில் தொங்கும். அவ்வளவு கவனமாக இருந்த வீட்டில், உடம்பு மணத்தை வெளியே விடாத ஜாக்கெட்டை நான் தூள் வறுக்கிற அறையில் தொங்கவிட்டிருந்தேன்.

டெட்லெஃப்தான் பிடித்தான். என்னோடு பரணில் இருந்தவன் மூக்கைச் சுழித்தான்.

"சிவா, உன்னிலயிருந்து நல்ல சாப்பாட்டுக் கடை மணம் வருது. எனக்குப் பசிக்குது. மானுக்குப் பசிக்காது, பயம் பிடிக்கும். அரைக் கிலோமீட்டருக்கு அங்கால நிண்டே ஓடியிருக்கும்."

மணமில்லாத சவர்க்காரம் ஒன்று இருக்கிறது, அதில் தோய்த்துவிட்டு வைக்கோல் கொட்டிலில் ஒரு கிழமை தொங்கவிடு என்றான். சவர்க்காரம் வாங்கினேன். உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள் ஜாக்கெட்டைப் போட்டேன். கதவைச் சாத்தினேன்.

பிறகு திறந்து வெளியே எடுத்தேன்.

யோகம் போய் நாலு மாதமாகியிருந்தது. தலையணை உறையை நான் எப்போதோ தோய்த்துவிட்டேன். வீட்டில் அவளுடைய மணம் மிச்சமிருந்தது அந்தக் காலரில் மட்டும்தான். அந்த வருசம் முழுக்கப் பரணில் போய் இருந்து, காலருக்குள் மூக்கைப் புதைத்து, வராத மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் எல்லாரும் கேட்பார்கள், "இண்டைக்கும் ஒண்டும் இல்லையோ?" இல்லை என்பேன்.

அதற்கடுத்த வருசம் அவள் வந்து நிற்கும்போது அவளே அதைக் கண்டு, "உதென்ன நாத்தம்!" என்று மூன்று தரம் தோய்த்துக் காயப்போட்டாள். நான் காய்ந்த காலரை ஒரு தரம் மோந்து பார்த்தேன்.

சனிக்கிழமை விடிய

இனிப் பரணுக்கு வருகிறேன்.

யோகம் மேலே வந்து பலகையில் இருந்தாள். நான் காற்றைப் பார்த்தேன். காட்டிலிருந்து எங்கள் முகத்துக்கு வந்தது. நல்ல காற்று. துவக்கில் ரவையைப் போட்டு, பாதுகாப்புப் பூட்டுச் சரியா என்று இரண்டு தரம் பார்த்து, மூன்றாம் தரமும் பார்த்தேன்.

"எத்தினை தரம் பார்ப்பியள்?"

"கதைக்காதையும். மான் வராது."

"வராட்டி வீட்டை போவம். பிள்ளை எழும்பிவிடுவான்."

"யோகம்."

"சரி சரி."

அந்தக் கிழமைதான் தபாலில் ஒரு சாமான் வந்திருந்தது. கடைசியாக வாங்கியது. காதை மூடுகிற கூடு. சாதாரணக் கூடு எல்லாச் சத்தத்தையும் அடைக்கும். விலைகூடின இது, வெடிச் சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டுச் சின்னச் சத்தங்களைப் பெரிதாக்கித் தரும். காது போய்விடுமோ என்ற பயத்தில் வாங்கியது. அதை எடுத்து மாட்டினேன்.

"உதென்ன காதில?" என்று யோகம் சைகையோடு கேட்டாள்.

"வெடிச் சத்தத்துக்கு," என்றேன். அதற்கு மேல் விளக்க நேரமில்லை. உண்மையில் அப்போது நான் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வியை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பித்தானைத் திருப்பினவுடனே காடு முழுவதும் காதுக்குள் வந்துவிட்டது. இலையிலிருந்து இலைக்கு விழுகிற பனித்துளி. பலகைக்குள்ளே ஏதோ ஒரு வண்டு துருவுகிற சத்தம். பிறகு, மிகக் கிட்ட, ஒரு மூச்சு.

யோகத்துக்கு மூச்சு விடும்போது மூக்கில் ஒரு சின்ன விசில் கேட்கும். அவளுக்கே தெரியாது. முப்பது வருசம் அதற்குப் பக்கத்தில் நித்திரை கொண்டவன் நான். அவள் வந்து நின்ற அந்த ஐந்து கிழமையிலும் நான் அதைக் கேட்கவில்லை. பேரன் எழும்புகிற நேரத்துக்கு அவளும் எழும்ப வேண்டும் என்று, தொலைபேசியோடு மற்ற அறையில்தான் படுத்தாள். இப்போது அந்த விசில் இரண்டு காதுக்குள்ளும் நிறைந்து கேட்டது. அவள் எச்சில் விழுங்கியது, காப்பு ஒன்றோடொன்று பட்டது, வயிறு கத்தியது, எல்லாம் கேட்டது. நான் முன்னால் பார்த்தபடியே அசையாமல் இருந்தேன். காட்டில் இப்படி இருந்தால் எவ்வளவு நேரமும் இருக்கலாம்.

என் முழங்காலில் ஒரு விரல் தட்டியது.

அவள் புல்வெளியைக் காட்டினாள். தூரக்கண்ணாடியை எடுத்துத் தேடினேன். புல், முள்வேலிக் கட்டை, புல். அவள் என் தாடையைப் பிடித்து, பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி, இடது பக்கம் திருப்பிவிட்டாள். மஞ்சள் பூக்களுக்கு நடுவில் கிடாய் ஒன்று நின்றது. வெறுங்கண்ணால் கண்டுவிட்டாள். கோடைகாலச் செம்மண் நிறத் தோல். இரண்டு கொம்பும் காதுக்கு மேலே. பக்கவாட்டாக, தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. அறுபது மீட்டரும் வராது.

துவக்கை மெதுவாகத் தூக்கிப் பலகையில் வைத்தேன். கண்ணாடிக்குள் அது என் அறைக்குள் நிற்பதுபோல் நின்றது. பின்னால் மண் மேடு, ரவை போய்ப் புதைய நல்ல இடம். பூட்டைத் தள்ளினேன். இவ்வளவு காலமும் பார்த்திருந்தது இதற்குத்தான். டெட்லெஃப்புக்கும் தொழிற்சாலைக்கும் ஒரு பதில். விரல் துவக்கின் குதிரையில் பட்டது.

அப்போது காதுக்குள் யோகத்தின் குரல். என்னோடு அல்ல. எனக்கு ஒன்றும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, தனக்குத்தானே, சுவாமி அறையில் முணுமுணுப்பதுபோல்:

"முருகா, இந்த மனுசனை எப்பிடித் திரும்பவும் தனிய விட்டிட்டுப் போறது. ஒருக்கா, ஒரே ஒருக்கா, போகாதையும் எண்டு வாயால சொன்னா இவருக்கு வாய் தேஞ்சே போகும்?"

மான் தலையை நிமிர்த்தியது. திரும்பவும் குனிந்தது.

பூட்டைப் பழையபடி இழுத்தேன். துவக்கைக் கிடையாக வைத்தேன். காதுக் கூட்டைக் கழற்றினேன். அவள் என்ன என்று என்னைப் பார்த்தாள். குரலை அடக்க வேண்டும் என்ற நினைவே வரவில்லை. வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னேன்.

"யோகம், போகாதையும்."

கிடாய் எகிறியது. நாய் குரைக்கிற மாதிரி ஒரு குரைப்பு, வெள்ளைப் பிட்டம் இரண்டு தரம் புல்லுக்கு மேலே தெரிந்தது, பிறகு காடு அதை மூடிக்கொண்டது. உள்ளே போயும் குரைத்துக்கொண்டே இருந்தது.

"என்ன மனுசன் நீங்கள்! மான் போட்டுதெல்லே!"

"போகட்டும்."

"ஒரு வருசமா அதுக்குத்தானே... இப்ப என்ன சொன்னியள்?"

"போகாதையும் எண்டு சொன்னனான். லண்டனுக்கு."

அவள் என் கையிலிருந்த கூட்டைப் பார்த்தாள். வாங்கித் தன் காதில் வைத்தாள். முகம் மாறியது.

"இதுக்குள்ளால எல்லாம் கேக்குது."

"ஓம்."

"கேக்காது எண்டெல்லே சொன்னியள்?"

"வெடிச் சத்தத்துக்கு எண்டுதான் சொன்னனான்."

"கள்ளன்," என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"தர்சி திரும்பவும் முழுகாமல் இருக்கிறாள். மூண்டு மாதம். உங்களுக்கு இப்ப சொல்லவேண்டாம், அப்பா யோசிச்சு யோசிச்சு நித்திரை கொள்ளமாட்டார் எண்டவள்."

எனக்குச் சந்தோசம் வந்தது. அது உண்மை. அதே நேரம் மனம் தன் பாட்டில் மாதங்களை எண்ணத் தொடங்கியது. பிள்ளை பிறக்க ஆறு மாதம். பிறந்தால் ஒரு வருசம். அந்தப் பிள்ளைக்கும் இருமல் வரும்.

"சுகமா இருக்கிறாளே?"

"சத்தி எடுக்கிறதுதான். மற்றும்படி சுகம்."

"அப்ப..."

"அப்ப நான் போகத்தான் வேணும், என்ன." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது, அவளுடையதா என்னுடையதா தெரியாது. "நீங்களும் வாங்கோவன்."

"வேலை இன்னும் அஞ்சாறு வருசம் கிடக்குதே. இந்த வயசில அங்க வந்து நான் ஆரிட்ட வேலை கேக்கிறது?"

"தெரியும். சும்மா சொன்னனான்."

"நானும் சும்மாதான்..."

"இல்லை. நீங்கள் சும்மா சொல்லேல்லை," என்றாள்.

சூரியன் மரங்களுக்கு மேலே வந்து, புல்லில் கிடந்த பனி ஆவியாக எழும்பத் தொடங்கியது. இறங்கிப் போகலாம். வீட்டுக்குப் போனால் குக்கர் பக்கத்தில் பேரன் காத்திருப்பான். செவ்வாய்க்கிழமைக்குப் பெட்டி அடுக்க வேண்டும்.

அவள் எழும்பவில்லை.

"அந்த மான் திரும்பி வருமே?" என்று கேட்டாள்.

குரைத்துக்கொண்டு ஓடின ரே அன்று அந்தப் புல்வெளிப் பக்கம் தலை காட்டாது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். நான் அதற்குப் பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணியவன்.

"வரும்," என்றேன். "பொறுத்து இருந்தா வரும்."

"அப்ப இருப்பம்," என்றாள் யோகம். ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, பலகையில் என் பக்கமாக நகர்ந்து இருந்தாள்.

பத்து மணிவரை இருந்தோம்.